சோகைக்குச் சிறுநீரகமும் காரணமாகலாம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் களைப்பும் மூச்சிரைப்பும் இருப்பதாகக் கூறி என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். நெடுநாள் நீரிழிவு நோயாளி. ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு இறங்கியிருந்தது. ஓராண்டாக இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தவறாமல் உண்டும் பயனில்லை. 'இன்னும் என்னதான் சாப்பிடுவது, டாக்டர்?' என்று கேட்டார். ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பரிசோதிக்கச் சொன்னேன். அவருடைய சிறுநீரகங்கள் முக்கால் பங்கு செயல்திறனை இழந்திருந்தன. அந்த ஓராண்டில் ஒருவரும் அவருக்கு இப்பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை.

சோகைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சுமார் 120 நாள்கள் வாழ்ந்து மறைகின்றன. எத்தனை அணுக்கள் தேவை என்பதை மஜ்ஜை தானாக முடிவு செய்வதில்லை. அதற்கான கட்டளை, எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனாகப் பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது.

1890-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா வியோ, பெரு நாட்டின் உயர்ந்த மலைப்பகுதிக்குச் சென்றார். சில வாரங்களிலேயே தம் ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகியிருந்ததைக் கண்டார். உயரமான இடத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு. அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. ரத்தத்தில் சுற்றிவரும் ஒரு பொருளே இதைத் தூண்டுகிறது என்று 1906-இல் பால் கார்னோவும் குளோடில்ட் டெஃப்லாண்டரும் கூறினர். அப்பொருள் சிறுநீரகத்தில் உருவாகிறது என்பதை, லியோன் ஜேக்கப்சன் குழுவினர் எலிகளில் நடத்திய ஆய்வு 1957-இல் காட்டியது.

ஆக்ஸிஜன் குறைந்திருப்பதைச் சிறுநீரகம் எப்படி அறிகிறது? 'ஹிஃப்' எனப்படும் புரதம் செல்களில் இடைவிடாமல் உற்பத்தியாகிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால், சில நொதிகள் அந்த ஆக்ஸிஜனையே பயன்படுத்தி அப்புரதத்தின்மீது ஓர் அடையாளம் இடுகின்றன. அடையாளம் பெற்ற புரதம் சில நிமிடங்களில் சிதைக்கப்படுகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அடையாளம் இட வழியில்லை. பிழைத்துக்கொண்ட புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று எரித்ரோபாய்டின் மரபணுவை இயக்குகிறது. சில மணி நேரத்தில் ஹார்மோன் உயர்கிறது. புதிய சிவப்பணுக்கள் வெளிவரச் சில நாள்கள் ஆகும். திசுக்களுக்குப் போதிய ஆக்ஸிஜன் சென்றடைந்ததும் சுரப்பு தானே தணிகிறது. செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழிமுறையை விளக்கியதற்காகவே வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை மெல்லச் சிதைக்கும்போது, இந்த ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் திறன் இழக்கின்றன. ரத்தம் குறைந்தாலும் கட்டளை போதிய அளவில் பிறப்பதில்லை. அந்நிலையில் இரும்புச்சத்தை மட்டும் கொடுப்பது, கொத்தனார் வராத மனையில் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போவதைப் போன்றது.

இதற்கு மருந்து உண்டு. மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரான எரித்ரோபாய்டின் ஊசிக்கு 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பின், டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலர் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலையிலிருந்து மீண்டனர். எனினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. உடலில் இரும்பு இருப்பு குறைவாக இருந்தால் ஊசி சரிவரப் பயன் தராது. ஹீமோகுளோபினை இயல்பான அளவுக்கே உயர்த்திவிட முயன்றால் பக்கவாதம், ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் கூடுகின்றன. ஆகவே, மருத்துவக் கண்காணிப்பு இன்றியமையாதது.

நம் நாட்டில் சோகைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அது மட்டுமே காரணம் என்று எண்ணுவதுதான் பிழை. நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவருக்குச் சோகை காணப்பட்டால், கிரியேட்டினின் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் கட்டாயம் செய்யப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம்வரை இது வழக்கமாக வேண்டும். சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. சில நேரங்களில் வெளிறிய முகமே அது தரும் முதல் அறிகுறி. அந்த ஆசிரியருக்கு அதை ஓராண்டு முன்பே நாம் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.