ஐந்தாம் மாத ஸ்கேனும் 24 வாரக் கணக்கும்

வாரங்கள் எங்கே போகின்றன?

மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கரு உண்டான நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் யோசிக்கும்போதே நான்கு வாரம் கழிந்திருக்கும். சிசுவின் இதயம், மூளை, முதுகுத்தண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்தான் வழக்கமாக எடுக்கப்படுகிறது. அதில் இதயக் கோளாறு தென்பட்டால் எக்கோ, தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனை, அதன் முடிவுக்காகக் காத்திருப்பு என்று மேலும் நாட்கள் ஓடும். இப்படி வந்து நிற்கும் பெண்ணிடம் ‘இத்தனை நாள் என்ன செய்தாய்?’ என்று கேட்பது அநியாயம்.

சட்டம் தரும் வழி

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள், சிறுமிகள், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர்கள் போன்றோருக்கே இந்த நீட்டிப்பு. மணமாகாதவர்களை இதிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதை மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வார வரம்பே பொருந்தாது. விண்ணப்பித்த மூன்று நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும்; அனுமதித்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும். தாயின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கும் இல்லை, குழுவும் தேவையில்லை. 18 வயது நிறைந்த, மனநலக் குறைபாடில்லாத பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும்; கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

எதிர்ப்புகள்

வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடிய சிசுவாயிற்றே என்ற தயக்கம் நேர்மையானது. சட்டமும் அதைப் புறக்கணிக்கவில்லை: சிசுவுக்குக் குறைபாடும் தாய்க்கு உடனடி ஆபத்தும் இல்லாத 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெண் கருக்கொலைக்கு இந்தச் சட்டம் வழிவிடும் என்பது இன்னொரு அச்சம். அதைத் தடுக்கப் பாலினம் அறிதலைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கண்காணிக்க வேண்டியது ஸ்கேன் மையங்களை. அந்த அச்சத்தால் மருத்துவர் கைவிரித்து நீதிமன்றத்துக்கு அனுப்பினால், ஒவ்வொரு வாரமும் ஆபத்து கூடுகிறது. இந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்து, பிரசவம் போலவே வலி வரவழைக்க வேண்டியிருக்கும். ரத்தமும் அறுவை அரங்கும் தயாராக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் விழுங்கினால் கருப்பை கிழியலாம், ரத்தப்போக்கு உயிரைப் பறிக்கலாம். எனவே ஸ்கேனில் கோளாறு என்று சொன்னால், அறிக்கையை அன்றே கையில் வாங்குங்கள். மருத்துவக் குழு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.