முக்கு வரைக்கும் கூடப் போன டைசன்!

எங்கள் வீட்டு டைசனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பூனை சீறினால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற வீரன். திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்த இடத்தில் குட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தாத்தா சட்டைக்குள் பொதிந்து தூக்கி வந்தார். சிப்பிப்பாறை மாதிரி நீளக்கால். மற்றபடி அசல் தெருநாய்.

ஆச்சிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மீன் வாங்கிட்டு வாங்கன்னா நாயத் தூக்கிட்டு வந்திருக்காரு" என்று ஒரு வாரம் புலம்பினார். டைசன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆச்சியும் தாத்தாவும் பூசைக்குக் கிளம்பினால் பின்னாலேயே போவான். கோயில் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். திரும்பும் வழியில் டீக்கடையில் தாத்தா ஒரு பொறை வாங்கிப் போடுவார். அவனுடைய 'நற்கருணை' அதுதான் என்று தாத்தா கிண்டல் செய்ய, ஆச்சி முறைப்பார்.

2020 ஆகஸ்ட். வழக்கமாக ஜூலை 26 கொடியேற்றம் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழாவால் தூத்துக்குடியில் நடக்க இடமிருக்காது. அந்த வருடம் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. திருநாள் முடிந்த அடுத்த வாரம் தாத்தாவுக்குக் காய்ச்சல். கொரோனா என்று முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது யாரையும் கூட ஏற்றவில்லை. ஆச்சி வாசற்படியில் நின்றார். நாங்கள் ஜன்னலில். டைசன் மட்டும் வண்டிக்குப் பின்னால் ஓடினான். மெயின் ரோடு முக்கு வரைக்கும் ஓடியதைப் பார்த்தேன். இருட்டிய பிறகு தனியாகத் திரும்பி வந்து தாத்தாவின் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

தாத்தா திரும்பவில்லை. அடக்கத்தைக்கூட செல்போனில் யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஆச்சி செபமாலையைத் தொடவில்லை. கோயில் திறந்த பிறகும் போகவில்லை. அம்மா கெஞ்சினார், உபதேசியார் வந்து பேசினார். ஆச்சி சொன்னது ஒன்றுதான்: "நாயாவது முக்கு வரைக்கும் கூடப் போச்சு. நான் இத்தன வருசம் கும்பிட்ட சாமி எங்க போச்சு?"

வீட்டில் யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. எனக்கும்தான். ஆனால் செய்தியாளர் புத்தி சும்மா இருக்காதே, தேட ஆரம்பித்தேன்.

ரொட்டி கவ்விய நாய்

முதலில் கண்ணில் பட்டது எங்கள் சாமி மேடையிலேயே இருந்த ஒரு சிறிய சுரூபம். புனித ஆரோக்கியநாதர். கையில் கோல், தொடையில் புண், காலடியில் வாயில் ரொட்டி கவ்விய நாய். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அந்த நாய் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிரான்ஸின் மோன்பெலியே நகரில் பிறந்த ரோக் என்பவர்தான் நம்மூரில் ஆரோக்கியநாதர். திருநாள் ஆகஸ்ட் 16. இத்தாலியில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவருக்கே நோய் தொற்றியது. ஊரை விட்டு விலகிக் காட்டுக்குள் போய்க் கிடந்தார். அங்கே ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டு வந்து கொடுத்து, புண்ணை நக்கி ஆற்றியது. இதில் வரலாறு எவ்வளவு, மரபுக்கதை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் ஊர் ஒதுக்கிய நோயாளியிடம் போனது ஒரு நாய் என்கிற அந்தக் கதை, தாத்தா போன பிறகு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

உண்மையைச் சொன்னால், பைபிளில் நாய்க்குப் பெரிய மரியாதை கிடையாது. பெரும்பாலும் வசவுச் சொல்தான். தீர், சீதோன் துறைமுகப் பகுதியில் ஒரு கானானியப் பெண் மகளைக் குணமாக்கும்படி இயேசுவிடம் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்கிற பேச்சு வருகிறது. அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. மேசையிலிருந்து விழும் துணுக்கு நாய்க்குட்டிக்கும் உண்டே என்று வாதாடுகிறாள். அவளுடைய நம்பிக்கை பெரிது என்று இயேசு பாராட்டுகிறார். மத்தேயு 15-ஆம் அதிகாரம். ஆச்சியும் வாதாடிக்கொண்டுதானே இருந்தார்?

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த நாய் இருப்பது தோபித்து நூலில். கத்தோலிக்க பைபிளில் உள்ள நூல், சி.எஸ்.ஐ. நண்பர்கள் படித்திருக்க வாய்ப்பு குறைவு. பார்வையிழந்த அப்பா தோபித்து, மகன் தோபியாவைத் தூர ஊருக்கு அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் மனித உருவில் இரபேல் என்னும் வானதூதர். வழியில் பிடித்த மீனின் பித்தப்பைதான் கடைசியில் அப்பாவின் கண்ணுக்கு மருந்தாகிறது. கடற்கரைக்காரர்களுக்கென்றே எழுதிய கதை மாதிரி இருக்கும். இந்தப் பயணத்தில் ஒரு நாய் வருகிறது. போகும்போது கூடப் போகிறது. திரும்பும்போதும் கூட வருகிறது. அவ்வளவுதான். ரொட்டி கொண்டு வரவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. அதற்குப் பெயர்கூட இல்லை. அந்த நூலுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் எழுதியவர் அதை விட்டுவிடவில்லை.

வேல் தைத்த நாய்

நாலடியாரில் வரும் நாயையும் சொல்ல வேண்டும். யானை தன்னை வளர்த்த பாகனையே கொல்லும். நாயோ வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் என்கிறது அந்தச் சமண நூல். அதை 1893-ல் ஆங்கிலத்தில் கொண்டு வந்தவர், நம் மாவட்டத்துச் சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப். மாணிக்கவாசகர் தன்னை நாயினும் கடையவனாகத் தாழ்த்திக்கொள்ளும் திருவாசகத்தையும் 1900-ல் அவரே மொழிபெயர்த்தார்.

வேல் தைத்தும் வாலாட்டுவதைப் பக்திக்கு உவமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா? தாத்தா போன பிறகு டைசன் வாலாட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் உறுமினான். நான்கு நாள் சோறு தொடவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. ஆச்சி எழுந்தால் எழுந்தான், படுத்தால் அவர் பாய்க்குப் பக்கத்தில் படுத்தான். ஆச்சி அவனைத் திட்டியபடியே சோறு பிசைந்து வைக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் 5 காலையில், யாரும் சொல்லாமல் ஆச்சி வெள்ளைச் சேலை கட்டிக் கிளம்பினார். டைசனும் எழுந்து பின்னால் போனான். திரும்பி வந்ததும், "சாமி மேல கோவம் போயிடுச்சா ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்க போகும்? கோவத்தோடதான் போனேன்" என்றார். பிறகு டைசனைக் காட்டி, "இது என்ன, எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா என் பின்னால வருது?"

இப்போது ஆச்சிக்கு முழங்கால் வலி, டைசனுக்கு ஒரு கண்ணில் புரை. கோயிலுக்குப் போக முன்பு பத்து நிமிடம் ஆகும்; இப்போது அரை மணி நேரம். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருபவனும் நிற்கிறான். பூசை முடிந்ததும் டீக்கடையில் பொறை வாங்குகிறவர் இப்போது ஆச்சி. அதை டீயில் நனைத்து, பல் விழுந்த வாய்க்கு ஏற்றபடி பிய்த்துப் பிய்த்துப் போடுகிறார்.