எட்டாம் நம்பர் கேபிளும் எட்டாத பிங்கும்

வீட்டுக்குள் இணையம் – பகுதி 7

ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் முடிந்தவரை வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறிவிடுவது நல்லது என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். அப்படி மாற நினைத்துக் கடைக்குப் போகிறவர் முன்னால் ஒரு எண் வரிசை வந்து நிற்கிறது: கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 7, கேட் 8. எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அட்டைப்பெட்டியில் ‘கேமிங்’ என்ற சொல்லும், நொடிக்கு 40 ஜிகாபிட் என்ற வாக்குறுதியும், தங்கமுலாம் பூசிய பிளக் என்ற பெருமையும் சேர்ந்துகொள்கின்றன. (சாதாரண பிளக்கின் தொடுமுனைகளிலும் மெல்லிய தங்கப்பூச்சு உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.) இருப்பதிலேயே பெரிய நம்பரைக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் வீட்டில் கேம் ஆடும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, கேட் 5இ-யைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணுக்கும் ஆட்டத்தின் வேகத்துக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. உள்ளே இருக்கும் உலோகம் எது, முனையில் பிளக்கை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்ற இரண்டும்தான் பெரிது. இவற்றில் முதலாவதைப் பெட்டியின் மூலையில் தேட வேண்டும். இரண்டாவதைப் பெட்டி சொல்லவே சொல்லாது.

எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்ப்போம். லேன் கேபிளின் மேலுறையை உரித்தால் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடிக் கம்பிகள் தெரியும். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருக்கும். தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துபோகிறது. நான்கு ஜோடிகளுக்கும் முறுக்கின் நெருக்கம் வேறுவேறாக இருக்கும். ஒரே மாதிரி முறுக்கினால் ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடியில் கேட்கத் தொடங்கிவிடும். எண் உயரும்போது இந்தக் குறுக்குப்பேச்சுக்கான கட்டுப்பாடு கடுமையாகிறது, கேபிளைச் சோதிக்கும் அலைவரிசையும் உயர்கிறது: கேட் 5இ-க்கு 100 மெகாஹெர்ட்ஸ், கேட் 6-க்கு 250, கேட் 6ஏ-க்கு 500, கேட் 8-க்கு 2000. எவ்வளவு தரவை எவ்வளவு தூரம் பிழையில்லாமல் கொண்டுபோகலாம் என்பதே இந்த எண்களின் பொருள். நொடிக்கு 1 ஜிகாபிட்டை 100 மீட்டர் கொண்டுபோக கேட் 5இ போதும். அந்த ஈதர்நெட் தரம் 1999-லேயே வந்துவிட்டது. 2016-ல் வந்த 2.5 ஜிகாபிட் தரத்தையும் அதே கேட் 5இ-யில் 100 மீட்டர் ஓடும்படிதான் வகுத்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டில் ஒரு போர்ட்.

அடுத்தது தாமதம், ஆட்டக்காரர்கள் பிங் என்று அளந்து பார்ப்பது. கேம் ஆடுகிறவரின் கவலை தரவின் அளவைப் பற்றியது அல்ல. சுடும் விளையாட்டுகள் சர்வரோடு பரிமாறிக்கொள்ளும் தரவு மிகக் குறைவு. யூடியூபில் ஒரு பாட்டைத் தெளிவாகப் பார்க்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். கட்டளை எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. செம்புக் கம்பியில் சமிக்ஞை, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 5 நானோநொடி. ஹாலில் உள்ள ரூட்டரிலிருந்து அறைக்கு 20 மீட்டர் கேபிள் போட்டால் போய்வர 200 நானோநொடி, அதாவது 0.0002 மில்லிநொடி. சென்னையில் இருப்பவர் மும்பை சர்வரில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால், போய்வர மட்டுமே 10 மில்லிநொடி ஆகிவிடும். வீட்டுக் கேபிளின் பங்கு அதில் ஐம்பதாயிரத்தில் ஒன்று. இழை நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல ரூட்டர்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தால் அந்தப் பங்கு இன்னும் சுருங்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போகவே கிட்டத்தட்ட 7 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. கேட் 6-க்கும் கேட் 8-க்கும் சமிக்ஞை ஓடும் வேகத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் அதை உணரக்கூடிய விரல் எந்த ஆட்டக்காரருக்கும் கிடையாது.

கேபிளை மாற்றியதும் ஆட்டம் சீரானது என்று பலர் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். புதிய கேபிளின் எண்ணைவிடப் பழைய கேபிளின் நிலைமையே அதற்குக் காரணம். கதவிடுக்கில் நசுங்கியது, எலி கடித்தது, பிளக்கின் கிளிப் உடைந்து லூஸாக நிற்பது, கிரிம்பிங் சரியாகப் பிடிக்காதது என்று வீட்டுக் கேபிள்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பழுதான கேபிளில் சிதைந்து வரும் தரவுத் துண்டை லேன் கார்டு தூக்கி எறிந்துவிடும். வேகமான ஆட்டங்களில் அந்தத் துண்டை மறுபடி கேட்டு வாங்க நேரமும் இருக்காது. திரையில் எதிராளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவார். இன்னொன்றும் உண்டு. 1 ஜிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே நீலமோ பழுப்போ அறுந்துவிட்டால் இணைப்பு அறுவதில்லை. பல லேன் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையத் திட்டம் 1 ஜிகாபிட்டாகவே இருந்தாலும், 14 நிமிடத்துக்குள் இறங்க வேண்டிய 100 ஜிபி கேம் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிய கேபிள் வாங்கும் முன் விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். ஆனால் மலிவு விலை ரூட்டர்கள் சிலவற்றில் போர்ட்டே 100 மெகாபிட்தான் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரூட்டரின் முகவரிக்கே பிங் கொடுத்துப் பார்க்கலாம். சில நிமிடங்கள் இடைவிடாமல் 1 மில்லிநொடிக்குள் பதில் வந்தால் கேபிள் நலமாக இருக்கிறது, அதை மாற்றிப் பயனில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது செம்பா என்பது. சந்தையில் சிசிஏ என்ற பெயரில், அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய கேபிள் ஏராளமாக விற்கிறது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். கம்பி எளிதில் ஒடியும். பிளக்கின் பற்கள் கடிக்கும் இடத்தில் நாளடைவில் தொடர்பு தளரும். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமரா போன்றவற்றுக்குப் போட்டால் சூடாகும். கேட் எண்களை வகுத்த தரங்கள் செம்பைத்தான் ஏற்கின்றன. அப்படியானால் அலுமினியக் கேபிளின் மேல் கேட் 6 என்று அச்சடிப்பதே தவறு. ஆனாலும் அச்சடிக்கிறார்கள். கண்டுபிடிப்பது கடினமல்ல. பெட்டியில் சிசிஏ என்ற எழுத்துகள் மூலையில் எங்காவது இருக்கலாம். முழுச் செம்பு என்றால் பேர் காப்பர், பியூர் காப்பர் என்று பெருமையாகவே போட்டிருப்பார்கள். ஒரே நீளமுள்ள இரண்டு சுருளைத் தூக்கிப் பார்த்தால் அலுமினியம் லேசாக இருக்கும். துண்டுக் கம்பி கிடைத்தால் பிளேடால் சுரண்டலாம்: மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வேண்டாம். இப்படி ஏமாற்றும் கேட் 8-ஐவிட நேர்மையான கேட் 5இ எவ்வளவோ மேல்.

விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தானே, பெரிய எண்ணை வாங்கி வைத்தால் என்ன நஷ்டம் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கேட் 7-ஐ எடுத்துக்கொள்வோம். 2002-ல் சர்வதேசத் தர அமைப்பு வகுத்த அந்தத் தரத்துக்கென்று வேறு வகைப் பிளக்குகள் உண்டு. அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ அதை ஏற்கவே இல்லை. நம் கடைகளில் வழக்கமான ஆர்ஜே-45 பிளக்கோடு தொங்கும் கேட் 7, அந்தத் தரத்தின்படி முழுமையான கேட் 7 ஆகாது. கேட் 8 உண்மையான தரம்தான், 2016-ல் வந்தது. ஆனால் டேட்டா சென்டர்களில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் இடையே 25, 40 ஜிகாபிட் ஓட்டுவதற்காக வந்தது. அந்த வேகத்துக்கான தூரமும் 30 மீட்டர்தான். அந்த வேகத்துக்கான போர்ட் வீட்டு ரூட்டரில் இல்லை. தவிர, கேட் 8 ஷீல்டு போர்த்திய கேபிள், தடிமனானது, மூலையில் மடங்காது. ஷீல்டு பயன்பட வேண்டுமானால் இரு முனைகளிலும் உலோகப் பிளக்கும் உலோக சாக்கெட்டும் சேர்ந்து எர்த்தைத் தொட வேண்டும். பல வீட்டு ரூட்டர்களில் சாக்கெட் வெறும் பிளாஸ்டிக். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இரு கருவிகளையும் மின்வழியாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. எர்த்திங் சரியில்லாத வீட்டில் ஷீல்டு அந்தப் பிரிவைக் கடக்கும் பாலமாகி, வேண்டாத மின்னோட்டத்துக்கு வழி விடவும் கூடும். சாதாரண வீட்டு அறைக்கு ஷீல்டு இல்லாத கேபிளே பொருத்தம்.

எதிர்காலத்தை நினைத்து வாங்கலாமே என்பவர்களுக்குப் பாதி நியாயம் தருகிறேன். தரையில் கிடக்கும் கேபிளுக்கு எதிர்காலம் பார்க்க வேண்டியதில்லை. நாளைக்கு வேண்டுமென்றால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதோடு கேட் 6 கூட 10 ஜிகாபிட்டைச் சுமார் 37 முதல் 55 மீட்டர் வரை தாங்கும். எத்தனை வீடுகளில் அவ்வளவு தூரம் வரும்? புது வீடு கட்டி, சுவருக்குள் கேபிள் விடுகிறவர்கள் கணக்கு வேறு. அவர்கள் ஒற்றைக் கம்பிச் செம்பாலான கேட் 6ஏ போட்டால் 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் கிடைக்கும், அதில் அர்த்தம் இருக்கிறது. அதைவிட முக்கியம், கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காமல் தனிப் பைப் விடச் சொல்வது. பைப் இருந்தால் எந்தக் கேபிளையும் பிறகு இழுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஆகவே சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கேட்க வேண்டியது இதுதான்: முழுச் செம்பு, ஷீல்டு இல்லாத கேட் 6, தொழிற்சாலையிலேயே பிளக் கோத்தது, அளந்த நீளத்தைவிட ஓரிரு மீட்டர் கூடுதல். வீட்டில் நல்ல கேட் 5இ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதுகூட வேண்டாம். கேபிள் சரியாக இருந்தும், வீட்டில் இன்னொருவர் வீடியோ அப்லோடு செய்யும் நேரத்தில் மட்டும் உங்கள் பிங் எகிறுகிறதா? அப்படியானால் ரூட்டருக்குள் தரவு வரிசை கட்டி நிற்கிறது. அதற்கு எந்தக் கேபிளும் மருந்தல்ல. அந்த வரிசையை எப்படிக் குறைப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை கேட் 8-க்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.