கம்மிய குரலும் களைத்த சிறுநீரகமும்

தொண்டை கட்டினால் அதிமதுரத் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்வது நம் இல்லங்களின் நெடுநாளைய வழக்கம். நம் பங்கின் பாடகர் குழுவினரும் இதற்கு விலக்கல்லர். ஆயின் சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இவ்வேர் ஆகாது. உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் தன்மை அதற்குண்டு.

இதனை எழுதக் காரணம் உண்டு. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் நோயாளர் பலருக்குக் குரல் கம்முகிறது. நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயல்வதில்லை. வீட்டாரோ சளி என்றெண்ணிக் கைவைத்தியத்தில் இறங்குகின்றனர். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூவி விற்போர், பேருந்து நடத்துநர், ஆசிரியை ஆகியோர்க்குக் குரலே சோறு என்பதை நாம் அறிவோம்.

குரல்வளையிலுள்ள இரு நாண்கள் மூச்சுக்காற்றால் அதிர்வதாலேயே ஓசை பிறக்கிறது. ஆடவர்க்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை, பெண்டிருக்கு ஏறத்தாழ 200 முறை! இவ்வளவு விரைந்து அதிர, அவை ஈரமும் மென்மையும் உடையனவாய் இருத்தல் வேண்டும். சிறுநீர் பிரியாமல் உடலில் தங்கும் நீர் அவற்றையும் வீங்கச் செய்யக்கூடும். பின்னர் 4 மணி நேரச் சுத்திகரிப்பில் இயந்திரம் இரண்டு, மூன்று லிட்டர் நீரை எடுத்துவிட, அவையே உலர்ந்துபோகக்கூடும். இரத்தசோகையாலும் தசைத் தளர்ச்சியாலும் மூச்சின் வலிமையும் குன்றுகிறது. அரிதாக, கழுத்தில் குழாய் செலுத்தும்போது குரல் நரம்பு ஊறுபடுவதும் உண்டு.

1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்ட நாட்களில், உயிர் பிழைப்பதே பெரிதாயிருந்தது. குரலைக் கேட்பார் யார்? இன்று சுத்திகரிப்புடன் பல்லாண்டு வாழ்வோர் உளர். ஆகவே கேட்கவேண்டியதாகிறது.

வறட்சி தீரட்டுமென்று செம்பு செம்பாய் வெந்நீர் கொடுப்பது அன்பின் மிகுதியே. எனினும் மிகுந்த ஆபத்து. அந்நீர் நுரையீரலில் தேங்கி மூச்சையே அடைக்கலாம். மருத்துவர் குறித்த அளவுக்குள் சிறிது சிறிதாய்ப் பருகலாம். வாய் கொப்பளித்துத் துப்பலாம். வெறும் நீரில் ஆவி பிடிக்கலாம். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்பர். அதுவும் நாண்களை வருத்துவதே. அடுக்களையிலிருந்து கேள்வி கேட்டு நோயாளரைக் கத்தவைக்காமல், அருகில் சென்று பேசுவது நலம்.

கம்மல் 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணவேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அன்றே, அப்பொழுதே. சுத்திகரிப்பு நடந்த நாட்களையும் குரல் கம்மிய நாட்களையும் நாட்காட்டியில் குறித்து எடுத்துச் சென்றால், காரணத்தைப் பிரித்தறிய அவருக்குப் பெரிதும் உதவும்.