நிரலுக்கு வெளியே இருக்க வேண்டியவை

ஜாவா மொழியில் எழுதப்படும் வலைச் செயலி எதுவும் தனித்து நின்று வேலை செய்வதில்லை. புத்தகம் விற்கும் ஓர் இணையதளத்தை எடுத்துக்கொள்ளலாம். வாசகர் 'வாங்கு' பொத்தானை அழுத்தியதும் ஆர்டரைப் பதிவு செய்யும் பகுதி இயங்கத் தொடங்குகிறது. அதற்குத் தரவுத்தளம் வேண்டும், பணத்தை வசூலிக்கும் பேமென்ட் கேட்வே வேண்டும், ரசீதை அனுப்ப மின்னஞ்சல் சர்வர் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் உண்டு. இந்தத் துணைகளை ஆர்டர் பகுதியின் கையில் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு டிபெண்டென்சி இன்ஜெக்ஷன் விடை சொல்கிறது. அவற்றின் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் எங்கே வைப்பது என்பது கான்ஃபிகரேஷன் சார்ந்த கேள்வி. பாடப் புத்தகங்கள் இரண்டையும் வேறு வேறு அத்தியாயங்களில் வைத்தாலும் இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். ஒரு கிளாஸுக்குத் தன் வேலை தெரிந்தால் போதும். எந்தக் கணினியில், யாரைத் துணையாகக் கொண்டு ஓடுகிறது என்பது அதற்குத் தெரியவே கூடாது.

நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர் இயல்பாகச் செய்வது இதற்கு நேர் எதிரானது. ஆர்டர் கிளாஸுக்குள்ளேயே தரவுத்தள இணைப்பை உருவாக்கி, முகவரியையும் கடவுச்சொல்லையும் அங்கேயே மேற்கோள் குறிகளுக்குள் எழுதிவிடுவார். நிரல் ஓடும். ஆனால் மூன்று புத்தகங்களின் விலையைக் கூட்டித் தள்ளுபடியைக் கழிக்கும் கணக்கு சரியா என்று சோதிக்க வேண்டுமென்றால்கூட உண்மையான தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் யாருக்காவது உண்மையான மின்னஞ்சல் போய்ச் சேரும். தரவுத்தளம் வேறு கணினிக்கு மாறினால் நிரலைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, மறுபடி நிறுவ வேண்டும்.

ஜாவா உலகம் இந்தச் சிக்கலுக்குத் தந்த முதல் விடை மிகவும் கனமானது. 1999 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜே2இஇ என்ற பெருநிறுவனப் பதிப்பில், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தனக்கு வேண்டியதை ஜேஎன்டிஐ என்ற பெயரேட்டில் தேடி எடுத்துக்கொண்டது. முகவரி நிரலை விட்டு வெளியேறியது உண்மைதான். ஆனால் தேடும் வேலை நிரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பெயரேடு அப்ளிகேஷன் சர்வருக்குள்தான் கிடைக்கும் என்பதால், சர்வரைக் கிளப்பாமல் எந்தக் கிளாஸையும் தனியே சோதிக்க முடியவில்லை. இஜேபி என்ற கூறு ஒன்றை எழுத, வேலையைச் செய்யும் கிளாஸோடு இரண்டு இன்டர்ஃபேஸ்களும் நீண்ட எக்ஸ்எம்எல் விவரங்களும் தேவைப்பட்டன. உண்மையான வேலை சில வரிகளில் முடிந்துவிடும். சடங்கு பல பக்கங்களுக்கு நீளும்.

ஆஸ்திரேலியரான ராட் ஜான்சன் இந்த முறையை விமர்சித்து 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். மாற்று வழியைக் காட்ட அதனுடன் சுமார் 30,000 வரி நிரலையும் சேர்த்திருந்தார். அதைப் படித்த யூர்கன் ஹெல்லரும் யான் காரோஃபும் அந்த நிரலைத் திறந்த மூலத் திட்டமாக்கும்படி அவரை வற்புறுத்தினார்கள். அதற்கு ஸ்பிரிங் என்று பெயர் வைத்தவர் காரோஃப். 2003 ஜூனில் முதல் வெளியீடும் 2004 மார்ச்சில் 1.0 பதிப்பும் வந்தன. மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய விரிவான கட்டுரைதான் டிபெண்டென்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரைப் பரப்பியது.

ஸ்பிரிங் செய்வது என்ன? ஆர்டர் கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரில் தனக்கு ஒரு தரவுத்தளச் சேமிப்பான், ஒரு பேமென்ட் கேட்வே, ஒரு மின்னஞ்சல் அனுப்பி வேண்டும் என்று மட்டும் அறிவிக்கிறது. செயலி தொடங்கும்போது கன்டெய்னர் என்ற பகுதி எல்லாக் கிளாஸ்களையும் படித்து, யாருக்கு யார் வேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. எவரையும் சாராதவற்றை முதலில் உருவாக்கி, அவற்றைச் சார்ந்தவற்றுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுக்கிறது. கன்டெய்னர் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு பீன் என்று பெயர். கேட்டது கிடைக்கவில்லை என்றால் செயலி தொடங்கவே மறுத்துவிடும். ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு கேட்வேக்கள் இருந்து, எதைக் கொடுப்பது என்று எந்த வகையிலும் குறிக்கப்படாவிட்டாலும் அப்படித்தான். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் நிறுவும்போதே வெளிப்படும் பிழை, நள்ளிரவில் வாடிக்கையாளர் பணம் கட்டும் நேரத்தில் வெளிப்படும் பிழையைவிட எவ்வளவோ மேல்.

சோதனையின்போது கன்டெய்னரே தேவையில்லை. எதைக் கேட்டாலும் 'பணம் வந்துவிட்டது' என்று பதில் சொல்லும் போலி கேட்வே ஒன்றை எழுதி, ஆர்டர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் கையாலேயே கொடுத்துவிடலாம். விலைக் கணக்கைச் சரிபார்க்கும் சோதனை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தத் துணைகளை, அதாவது சார்புகளை, கொடுக்க வேறு இரண்டு வழிகளும் உண்டு. செட்டர் மெத்தட் வழியாகக் கொடுக்கலாம். கிளாஸின் ஃபீல்டின் மேல் ஆட்டோவயர்டு என்ற அனடேஷனை எழுதி, கன்டெய்னரையே நேராக நிரப்பவும் விடலாம். கடைசி வழி எழுத மிகவும் எளிது, அதனாலேயே பரவிவிட்டது. ஆனால் அது கிளாஸின் தேவைகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மறைக்கிறது. ஃபீல்டை மாறாததாக அறிவிக்க முடியாது. கன்டெய்னர் இல்லாமல் சோதிப்பதும் கடினமாகிவிடும். கன்ஸ்ட்ரக்டர் வழி நேர்மையானது. ஒரு கிளாஸ் ஒன்பது சார்புகளைக் கேட்டால் அந்த நீண்ட பட்டியல் கண்ணை உறுத்தும். கிளாஸைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றையொன்று கேட்கும் இரண்டு பீன்களும் இந்த வழியில் உடனே அம்பலப்படும். இத்தகைய சுழற்சிச் சார்புகளை, ஸ்பிரிங்கின் மேல் அமைந்த ஸ்பிரிங் பூட் 2021-ல் வந்த 2.6 பதிப்பிலிருந்து இயல்பாகவே தடை செய்கிறது.

வலைச் செயலிகளில் மிக ஆபத்தான தவறு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்பிரிங் ஒவ்வொரு பீனையும் இயல்பாக ஒரே ஒரு முறைதான் உருவாக்கும். சிங்கிள்டன் எனப்படும் அந்த ஒரே ஆப்ஜெக்ட்தான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேவை செய்கிறது. ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரின் இயல்பு அமைப்பில் 200 த்ரெட்கள் வரை ஒரே நேரத்தில் ஓடலாம். அத்தனையும் அந்த ஒரே ஆர்டர் ஆப்ஜெக்ட்டுக்குள் நுழையக்கூடும். நிரலாளர் வாடிக்கையாளரின் பெயரையோ மொத்தத் தொகையையோ அந்த பீனின் ஃபீல்டில் எழுதி வைத்தால், ஒருவர் எழுதியதை அடுத்த நொடியில் இன்னொருவர் படித்துவிடுவார். தனி ஆளாகச் சோதிக்கும்போது இது ஒருநாளும் தெரியாது. கூட்டம் வரும் நாளில் ஒருவருடைய ரசீது இன்னொருவருக்குப் போகும். ஆகவே பகிரப்படும் பீனில் துணைகளைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. வாடிக்கையாளருக்கு உரிய தகவல் மெத்தட்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைய வேண்டும். ஒரு கோரிக்கைக்கு ஒன்று, ஒரு செஷனுக்கு ஒன்று என்று தனித்தனி பீன்களை உருவாக்கும் வசதியும் உண்டு. அத்தகைய பீனை சிங்கிள்டனுக்குள் செலுத்தும்போது, அந்தந்தக் கோரிக்கைக்கு உரியதைத் தேடித் தரும் ப்ராக்ஸி ஒன்றை ஸ்பிரிங் நடுவில் நிறுத்திவைக்கிறது.

இந்த இணைப்புகளை எழுதும் முறையும் மாறி வந்திருக்கிறது. தொடக்கத்தில் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தன. 2004-ல் ஜாவா 5 அனடேஷன்களைக் கொண்டுவந்தது. 2007-ல் இதே வேலையைச் செய்யும் கூகுளின் கைஸும் ஸ்பிரிங் 2.5 பதிப்பும் அவற்றைக் கொண்டு சார்புகளைக் குறிக்கத் தொடங்கின. 2009-ல் இன்ஜெக்ட் என்ற பொது அனடேஷன் தரநிலையானது. ஜே2இஇ-யின் தொடர்ச்சியாக அதே ஆண்டு வந்த ஜாவா இஇ 6 பதிப்பில், சார்புகளை இணைக்கும் சிடிஐ சேர்ந்தது. 2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட் 1.0 வந்த பிறகு, எக்ஸ்எம்எல் எழுதாமலேயே ஒரு செயலியை உருவாக்குவது வழக்கமாகிவிட்டது. செயலியோடு என்னென்ன ஜார் கோப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, பொருத்தமான பீன்களை ஸ்பிரிங் பூட்டே அமைத்துக்கொள்கிறது. இந்த வசதி நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும், கவனமும் கேட்கும். எச்2 என்ற சிறு தரவுத்தளத்தின் ஜார் உள்ளே இருந்து, தரவுத்தள முகவரியைத் தர மறந்துவிட்டால், ஸ்பிரிங் பூட் நினைவகத்திலேயே ஒரு தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டு எந்தப் புகாருமின்றி ஓடும். செயலியை நிறுத்தியதும் அதுவரை சேர்ந்த ஆர்டர்கள் எல்லாம் அழிந்துவிடும்.

இனி கான்ஃபிகரேஷன். ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2011 வாக்கில் வகுத்த 'பன்னிரண்டு காரணி' நெறிகளில் ஒன்று, இடத்துக்கு இடம் மாறுபவை எல்லாம் நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளில் இருக்க வேண்டும் என்கிறது. இதன் நடைமுறைப் பயன் பெரியது. சோதனைக் கணினியில் பரிசோதித்த அதே ஜார் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் உண்மையான சர்வருக்குப் போகும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக பில்டு செய்தால், பரிசோதித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று என்றாகிவிடும்.

ஸ்பிரிங் பூட்டில் ஒரே அமைப்பைப் பல இடங்களில் சொல்லலாம்; எது வெல்லும் என்பதற்குத் திட்டமான வரிசை உண்டு. ஜாருக்குள் இருக்கும் ப்ராபர்டீஸ் கோப்பை வெளியே வைத்த கோப்பு மிஞ்சும், அதைச் சூழல் மாறி மிஞ்சும், எல்லாவற்றையும் கட்டளை வரியில் கொடுத்தது மிஞ்சும். நிரலாளர் தன் மடிக்கணினிக்கு ஏற்ற மதிப்புகளை ஜாருக்குள் வைக்கலாம். சர்வரை நிர்வகிப்பவர் அவற்றை வெளியிலிருந்து மாற்றிக்கொள்வார். வளர்ச்சிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று புரொஃபைல்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'இது புரொடக்ஷனா' என்று நிரலே கேட்டு வழி பிரியத் தொடங்கினால், வெளியேற்றிய அறிவு புறவாசல் வழியாகத் திரும்பிவிடுகிறது.

வெளியே வைக்கப்படும் ஓர் எண் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு, தரவுத்தள இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும் இணைப்புக் குளம் நல்ல சான்று. ஸ்பிரிங் பூட் பயன்படுத்தும் ஹிகாரி குளம் இயல்பாக 10 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பு வரம்பு 100. செயலியின் 9 பிரதிகள் ஓடும்வரை சிக்கல் இல்லை. கூட்டம் அதிகமாகிறது என்று 11 பிரதிகளாக உயர்த்தினால் 110 இணைப்புகள் கேட்கப்படும். உதவிக்கு வந்த புதிய பிரதிகளே தரவுத்தளத்தில் நுழைய முடியாமல் திணறும். அந்த எண் நிரலுக்கு வெளியே இருந்தால் ஒரு வரியில் தீர்த்துவிடலாம்.

இத்தகைய மதிப்புகளை நிரல் முழுவதும் சிதறலாகப் படிப்பதைவிட, தொடர்புள்ளவற்றை ஒரு கிளாஸில் திரட்டி, வகையையும் வரம்பையும் தொடக்கத்திலேயே சரிபார்ப்பது நல்லது. காத்திருப்பு நேரம் காலியாக இருந்தால் செயலி தொடங்கும்போதே சொல்லிவிடும்.

ப்ராபர்டீஸ் கோப்பில் தமிழ் எழுதுவோருக்கென்று ஒரு தனித் தொல்லை நெடுங்காலம் இருந்தது. ஜாவா இந்தக் கோப்புகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியீட்டில்தான் படித்தது. தமிழ்ச் செய்தி ஒன்றை வைக்க ஒவ்வோர் எழுத்துக் குறியையும் அதன் யுனிகோடு எண்ணாக 6 குறிகளில் எழுத வேண்டும். 'வணக்கம்' என்ற சொல் 7 யுனிகோடு குறிகளால் ஆனது; கோப்பில் அது 42 குறிகளாக நீளும், எவராலும் படிக்க முடியாது. 2017-ல் வந்த ஜாவா 9, மொழிபெயர்ப்புச் செய்திகளுக்கான ரிசோர்ஸ் பண்டில் கோப்புகளை யுடிஎஃப்-8 குறியீட்டில் படிக்கத் தொடங்கியதும்தான் அவற்றில் தமிழைத் தமிழாகவே எழுத முடிந்தது.

கடவுச்சொற்களையும் சாவிகளையும் மற்ற அமைப்புகளோடு சேர்த்து வைக்கவே கூடாது. 2016-ல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, உலகெங்கும் 5.7 கோடிப் பேரின் விவரங்களைக் கவர்ந்தார்கள். ஒருமுறை கிட்டில் பதிவான கடவுச்சொல், அடுத்த பதிவில் அழிக்கப்பட்டாலும் பழைய வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். அதை மாற்றுவது ஒன்றே வழி. ரகசியங்களுக்கென்றே வால்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. செயலியின் பிரதிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் சீக்ரெட் பகுதியில் தெரியும் புரியாத எழுத்துக்கோவையைப் பார்த்துப் பலர் அது மறையாக்கம் என்று நம்பிவிடுகிறார்கள். அது பேஸ்64 மட்டுமே. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் பழைய வடிவுக்குத் திருப்பிவிடலாம்.

ஸ்பிரிங் தொடக்கத்தில் செய்யும் தேடலுக்கும் இணைப்புக்கும் நேரமும் நினைவகமும் செலவாகின்றன. கிளவுடில் பிரதிகள் நொடிக்கு நொடி தோன்றி மறையும் இக்காலத்தில் அந்தச் செலவு உறைக்கிறது. ஸ்பிரிங்குக்கு மாற்றாக 2018-ல் வந்த மைக்ரோநாட்டும் 2019-ல் ரெட் ஹேட் வெளியிட்ட குவார்கஸும் சார்பு இணைப்பின் பெரும்பகுதியைக் கம்பைல் செய்யும்போதே முடித்துவிடுகின்றன. இதனால் கான்ஃபிகரேஷனும் இரண்டாகப் பிரிகிறது. குவார்கஸில் எந்த வகைத் தரவுத்தளம் என்பது பில்டு செய்யும்போதே உறுதியாகிவிடும். பிறகு மாற்ற முடியாது. அதன் முகவரியும் கடவுச்சொல்லும் முன்போலவே ஓடும் இடத்தில், செயலி தொடங்கும்போது தரப்படுகின்றன.