வீட்டுக்கு முன் நிலம்: குறைந்த பட்ஜெட்டில் சென்னையில் குடியிருப்புப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் அளவான வருவாயுடன் சொந்த வீடு வாங்க முனையும் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டை முதலில் பார்த்துவிட்டு, அது அமைந்துள்ள பகுதியைப் பற்றிய கேள்விகளை முன்பணம் கொடுத்த பிறகே எழுப்புகின்றன. இந்த வரிசை மாற வேண்டும். ஒழுகும் கூரையையும் குறுகிய சமையலறையையும் பின்னாளில் பணம் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். மழைநீர் வந்து தேங்கும் தாழ்நிலத்தையோ, குடிநீர்க் குழாய் எட்டாத தெருவையோ, ரயில் நிலையத்திலிருந்து விலகிக் கிடக்கும் தொலைவையோ எந்தக் குடும்பமும் தனியாக மாற்றிவிட முடியாது.

இக்கேள்விகள் முன்னெப்போதையும்விட இன்று முக்கியமாகியுள்ளதற்கு நகரின் விரிவாக்கமே காரணம். 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகளாயின; சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லை, 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் உயர்த்தப்பட்டது. ஆகவே, விளம்பரங்களில் ‘சென்னை’ என்று குறிக்கப்படும் இடம் நூறாண்டுப் பழைமையான நகர்ப்பகுதியாகவும் இருக்கலாம், அண்மைக்காலம் வரை நெல் விளைந்த ஏரிப் பாசன நிலமாகவும் இருக்கலாம்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்?

பகுதியைத் தேடுவதற்கு முன் பணத்தின் உண்மையான எல்லையை வரையறுத்துக்கொள்வது அவசியம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன் 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட கடன் 75 சதவீதம் வரையிலுமே வழங்கப்படலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அவற்றைக் குடும்பமே தன் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டுநரிடமிருந்து முதன்முறையாக வாங்கப்படும் அடுக்குமாடி வீட்டுக்கு, மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘கூட்டு மதிப்பு’ முறை 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 50 லட்சம் ரூபாய் வரை மொத்தம் 6 சதவீதமும், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதமும் செலுத்த வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீடாயின் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும், 45 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும் 60 சதுர மீட்டர் உட்பரப்புக்கு மிகாமலும் இருந்தால் அது 1 சதவீதமாகக் குறையும், பணிநிறைவுச் சான்று பெற்றபின் விற்கப்படும் வீட்டுக்கு இவ்வரி இல்லை.

கட்டிக்கொண்டிருக்கும் 48 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, விலையும் அரசின் கூட்டு மதிப்பும் ஒன்றே எனக் கொண்டால், வங்கி அதிக அளவாக 38.4 லட்சம் தரும், எஞ்சிய 9.6 லட்சத்துடன் பதிவுச் செலவு 2.88 லட்சமும் ஜி.எஸ்.டி. 2.4 லட்சமும் சேர, ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும். அக்கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 33,300 ரூபாய். முழுக்காலத்தில் திருப்பிச் செலுத்தும் தொகை 80 லட்சத்தை எட்டும். இருபது ஆண்டுகளுக்குக் கட்டுப்படும் ஒரு குடும்பம், அதே இருபது ஆண்டுகளுக்கு அந்தப் பகுதி தன் மீது சுமத்தப்போகும் செலவுகளையும் இக்கணக்கோடு சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்த, சரிவு மிகக் குறைந்த சமவெளியில் சென்னை அமைந்துள்ளது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவை மேற்கிலிருந்து வந்து கடலில் கலக்க, பக்கிங்காம் கால்வாய் கரையோரமாக வடக்குத் தெற்காக அவற்றை இணைக்கிறது. இந்த ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமெங்கும் ஓர் ஏரி நிரம்பியதும் அதன் உபரிநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும் சங்கிலித் தொடர் அமைப்பு இருந்தது. தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல வெளியேற்றும் இச்சதுப்புநிலத்தில் எஞ்சியுள்ள சுமார் 1,248 ஹெக்டேர், 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இச்சங்கிலியின் கண்ணிகள் மீது வீடுகள் எழுந்ததன் விளைவு 2015 டிசம்பரில் வெளிப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், ஏரிக்குக் கீழுள்ள புறநகரங்களில் பெய்த மழைநீரும் அடையாற்றில் ஒன்றுசேர்ந்ததால், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2021 நவம்பரில் தியாகராய நகரிலும் கொளத்தூரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகர் இப்பட்டியலில் இடம்பெறுவது, நிலம் தன் பழைய சரிவை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் கைவிடுவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

எனினும், ஒரு பகுதியின் பெயரை மட்டும் கொண்டு முழுப் பகுதியையும் ஏற்பதோ ஒதுக்குவதோ சரியாகாது. ஒரே பேட்டையில் ஒரு தெரு காய்ந்திருக்க, அடுத்த தெருவில் இடுப்பளவு நீர் நிற்பது சென்னையில் இயல்பு. எனவே வீட்டுத் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம், பின்புறத்தில் வாய்க்கால் உண்டா, தெருவின் மழைநீர் வடிகால் உண்மையில் எங்கே போய் முடிகிறது என்பவற்றை நேரில் பார்க்க வேண்டும். 2015-இலும் 2023-இலும் நீர் எதுவரை ஏறியது என்பதைத் தெருமுனைக் கடைக்காரரும் நீண்டநாள் குடியிருப்பவரும் துல்லியமாகச் சொல்வார்கள். விற்பவரைத் தவிர மற்றெல்லாரிடமும் இதைக் கேட்டறிய வேண்டும்.

குழாய் நீர், லாரி நீர், கழிவுநீர்

வெள்ளம் வரும் அதே நகரில்தான் வறட்சியும் வருகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 கோடையில் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கப்பட்டன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொரு நிலையம் 2024-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆயினும் நிலையத்தில் உற்பத்தியாகும் நீர், குழாய் பதிக்கப்படாத தெருவுக்கு வந்து சேர்வதில்லை.

பழைய மாநகராட்சி எல்லைக்கு வெளியே பின்னர் சேர்க்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் முழுமை பெறவில்லை. அங்கெல்லாம் ஆழ்துளைக் கிணறும், கோடையில் தனியார் லாரி நீரும், கழிவுநீர்த் தொட்டியை அவ்வப்போது காலி செய்யும் லாரியுமே குடும்பத்தின் மாதச் செலவைத் தீர்மானிக்கின்றன. கடற்கரையை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறும் ஆபத்தும் உண்டு. ஆகவே வீட்டைப் பார்க்கச் செல்பவர் ‘தண்ணீர் வசதி உண்டா’ என்று பொதுவாகக் கேட்பதோடு நில்லாமல், சென்னைக் குடிநீர் வாரிய இணைப்பு உள்ளதா, மே மாதத்தில் லாரிக்கு எவ்வளவு செலவாகிறது, கழிவுநீர் இணைப்பு வீட்டுவாசல் வரை வந்துள்ளதா எனத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் அருகாமையும், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் அருகாமையும் குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டுக்குப் புறக்கணிக்கத் தகாத செய்திகளாகும்.

இருக்கும் ரயிலும் வரவிருக்கும் ரயிலும்

போக்குவரத்தைப் பொறுத்தவரை, இன்று ஓடும் ரயிலுக்கும் நாளை ஓடும் என்று சொல்லப்படும் ரயிலுக்கும் ஒரே விலை கொடுக்கலாகாது. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–ஆவடி–திருவள்ளூர், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி ஆகிய மூன்று புறநகர் ரயில் தடங்களே குறைந்த கட்டணத்தில் நெடுந்தொலைவு செல்ல உதவுகின்றன. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் எனவும், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எனவும் இத்தடங்களைத் தொடர்ந்து செல்லும் குடியிருப்புகள் நடுத்தரக் குடும்பங்களை ஈர்ப்பதற்கு இதுவே முதற்காரணம். நிலையத்துக்கு நடந்து செல்லக்கூடிய வீட்டுக்கும், ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டிய நான்கு கிலோமீட்டர் தள்ளிய வீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை, ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு மறந்துவிடக் கூடாது.

மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இது நகரின் வரைபடத்தையே மாற்றக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஆனால், 2007-இல் வேளச்சேரியை அடைந்த பறக்கும் ரயில், அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலையை எட்ட ஒன்றரைப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். ரயில் தாமதமானாலும் வங்கித் தவணை தாமதமாவதில்லை.

பத்திரமும் பரப்பளவும்

மலிவான விலைக்குப் பின்னால் சில வேளைகளில் ஆவணக் குறை மறைந்திருக்கும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்ததையடுத்து, அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு 2017-இல் கொண்டுவந்தது. ஆகவே மனைப்பிரிவுக்குச் சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா, பழைய மனையாயின் வரன்முறை ஆணை உண்டா என்பது முதற்கேள்வி. தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரையிலான பத்திரத் தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றுடன், அந்தச் சர்வே எண்ணை வருவாய்த்துறையின் அ-பதிவேடு எவ்வாறு வகைப்படுத்தியுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ஏரி, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்காக அது குறிக்கப்பட்டிருந்தால், கட்டி முடித்த வீடும் பாதுகாப்பானதன்று.

அடுக்குமாடி வீடுகளுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நடைமுறையில் ‘ரெரா’ எனப்படுவது, ஓரளவு காப்பளிக்கிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். எழுத்து வடிவிலான விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பெறக்கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநரே சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கும் குறைந்த மனையில் எட்டு வீடுகளுக்கு மிகாமல் கட்டப்படும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்ட் சேர்ந்தால் சுமார் 446 சதுர மீட்டர். எனவே புறநகரில் நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்கும் சிறு அடுக்குமாடிகள் பல, ரெரா பதிவுக்கு வெளியே நிற்கின்றன. அங்கே வழக்கறிஞரின் ஆய்வும் கட்டடப் பொறியாளரின் பார்வையும் இரட்டிப்பு அவசியமாகின்றன.

பரப்பளவிலும் தெளிவு வேண்டும். சுவர்களுக்கு உள்ளே உண்மையில் புழங்கும் இடம் ‘கார்ப்பெட் ஏரியா’. படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்வது ‘சூப்பர் பில்டப் ஏரியா’. வீட்டுக்கு உரிமையாகும் மனைப் பங்கைப் பத்திரங்கள் ‘பிரிபடாத பாகம்’ என்கின்றன. கட்டடம் பழையதாகி மதிப்பிழந்தாலும் இப்பாகம் மதிப்பை இழப்பதில்லை என்பதால், இரு வீடுகளை ஒப்பிடும்போது உட்பரப்பையும் பிரிபடாத பாகத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும் முறை

இத்தனை செய்திகளையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆகவே லாரி நீர், கூடுதல் பெட்ரோல், பள்ளி வேன் ஆகியவற்றில் ஒரு பகுதி மற்றொன்றைவிட மாதம் 5,000 ரூபாய் அதிகம் கேட்குமானால், அந்த 5,000 ரூபாய் ஏறத்தாழ 5.75 லட்சம் ரூபாய்க் கடனின் தவணைக்குச் சமம். அதாவது, குழாய் நீரும் ரயில் நிலையமும் உள்ள பகுதியில் வீட்டின் விலை 5 லட்சம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், முன்பணத்துக்கு வழியிருப்பின், அதுவே குடும்பத்துக்கு மலிவானது.

வெள்ள ஆபத்தும் ஆவணக் குறையும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. ஒருமுறை நீர் புகுந்தால் சேமிப்பும் உடைமைகளும் மனநிம்மதியும் ஒருசேரப் போகும்; பத்திரத்தில் கோளாறு இருந்தால் வீடே கையை விட்டுப் போகலாம். இவ்விரண்டில் ஒன்று உறுதிப்பட்டாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுவதே அறிவுடைமை. மிஞ்சும் பகுதிகளை மட்டும் தண்ணீர், பயணம், பள்ளி, மருத்துவமனை என்ற வரிசையில் ஒப்பிட்டு, இறுதியாக வீட்டின் அளவுக்கு வர வேண்டும். இவ்வாறு பார்த்தால், தாழ்நிலத்தில் கிடைக்கும் 1,200 சதுர அடி வீட்டைக் காட்டிலும், மேட்டுநிலத்தில் நிலையத்துக்கு அருகே கிடைக்கும் 750 சதுர அடி வீடு பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்ல தேர்வாக அமையும். இயன்றவர்கள், தேர்ந்தெடுத்த தெருவிலேயே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தை வாடகை வீட்டில் கழித்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம். அது இயலாதவர்கள், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறையேனும் அந்தத் தெருவுக்கு நேரில் சென்று பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.