கொல்லர் செய்த வட்டு



1896 ஏப்ரலில் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டி நடந்தது. அமெரிக்காவிலிருந்து கலந்துகொண்டவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. பிரின்ஸ்டன் கல்லூரியின் தடகள அணித் தலைவர் ராபர்ட் காரெட், தன்னுடன் படித்த மூன்று பேரின் பயணச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு கப்பல் ஏறினார்.

வட்டு எறிதல் அவருக்குப் புதிய விளையாட்டு. பழங்காலக் குறிப்புகளைப் பார்த்து, கொல்லரிடம் ஓர் இரும்பு வட்டு செய்து வாங்கினார். அதன் எடையோ சுமார் 13 கிலோ! தூக்கி எறிய முடியாமல் பயிற்சியையே கைவிட்டார். ஏதென்ஸ் போனபின்தான், நிஜ வட்டு வெறும் 2 கிலோ என்று தெரிந்தது. துணிந்து களமிறங்கினார். 29.15 மீட்டர் எறிந்து கிரேக்க வீரர்களை முந்தினார். குண்டு எறிதலிலும் அவரே முதலிடம்.

ஹார்வர்டு மாணவர் ஜேம்ஸ் கானலிக்குக் கல்லூரி விடுப்பு தர மறுத்தது. படிப்பை விட்டுவிட்டுப் போனவர், மும்முறைத் தாண்டுதலில் 13.71 மீட்டர் தாண்டி, நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர் ஆனார்.

அந்த ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்றவர்களுக்குக் கிடைத்தது தங்கப் பதக்கம் அல்ல, வெள்ளிப் பதக்கம்.